‘கேச்=நன்’ என்றால் கேச் இல்லை என்று பொருளல்ல

மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கியூஎமுவில் மெய்நிகர் வட்டைச் சேர்க்கும்போது ‘கேச்=நன்’ என்று கொடுப்பவர்கள் ஏராளம். பெயரைப் படித்ததும் மனத்தில் என்ன தோன்றும்? எழுதுவதெல்லாம் நேரே வட்டுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் தேங்காது என்றுதான். ஆனால் அந்த ஆப்ஷன் தாண்டிச் செல்வது ஹோஸ்ட் (மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் கணினி) இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேச்சை மட்டும். வட்டுக்குள்ளேயே இருக்கும் எழுத்துக் கேச் (எழுத வந்த தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடம்) வழக்கம்போல இயங்கிக்கொண்டிருக்கும். கெஸ்ட் (உள்ளே ஓடும் இயங்குதளம்), தேங்கியதை வட்டில் இறக்கச் சொல்லும் ஃபிளஷ் கட்டளையை அனுப்பி அதற்குப் பதில் வரும்வரை, எழுதியது நிலைத்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஒவ்வொரு எழுத்தும் வட்டில் இறங்கிய பிறகே முடிந்ததாகக் கெஸ்டுக்குச் சொல்’ என்பது வேண்டுமானால் ‘ரைட்த்ரூ’ அல்லது ‘டைரக்ட்சிங்க்’ கொடுக்க வேண்டும்.

சேமிப்பகம் பற்றிய ஆவணங்களைச் சீர்ப்படுத்துவது ஏன் எழுத்துப்பிழை திருத்தும் வேலை இல்லை என்பதற்கு இந்த ஒரு ஆப்ஷன் போதும். திரை ஆவணத்தில் தவறிருந்தால் படம் கோணலாக வரும், பார்த்தவுடன் தெரியும். சேமிப்பக ஆவணத்தில் உள்ள தவறு, ஆறு மாதம் கழித்து மின்சாரம் போகும் இரவில்தான் தெரியும். ஆகவே இங்கே ஒரு வாக்கியத்தைத் தொடுவதற்கு முன் அது உண்மையா என்று நிரலைத் திறந்து பார்க்க வேண்டும்.

கேச் வகைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐந்து பெயர்கள் இருக்கின்றன. அவை ஐந்து தனித்தனி வசதிகள் இல்லை. மூன்று சாவிகளின் ஐந்து சேர்க்கைகள். முதல் சாவி, கெஸ்டுக்கு எழுத்துக் கேச் இருப்பதாகக் காட்டுவதா என்பது. இரண்டாவது, ஹோஸ்டின் பேஜ் கேச்சைத் தவிர்த்து ஓ_டைரக்ட் (கோப்பை நேரடியாக அணுகத் திறக்கும் முறை) வழியாகப் போவதா என்பது. மூன்றாவது, கெஸ்ட் அனுப்பும் ஃபிளஷ் கட்டளைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதா என்பது. இயல்புநிலையான ‘ரைட்பேக்’கில் முதல் சாவி மட்டும் திறந்திருக்கும். ‘நன்’னில் முதல் இரண்டும் திறந்திருக்கும். ‘ரைட்த்ரூ’வில் மூன்றும் மூடியிருக்கும். ‘டைரக்ட்சிங்க்’கில் இரண்டாவது மட்டும். ‘அன்சேஃப்’பில் முதலும் மூன்றும். இப்படி மூன்று நெடுவரிசைகளாகப் போட்டுக் காட்டிவிட்டால் ‘நன்’ என்ற பெயரின் மயக்கம் தானாகத் தீரும். ஐந்து பெயர்களுக்கும் ஐந்து பத்தி எழுதி, ஒவ்வொன்றையும் ‘வேகமானது’, ‘பாதுகாப்பானது’ என்று வருணித்தால் வாசகர் குழம்புவதுதான் மிச்சம். வேகம் எந்த வேலைக்கு? பாதுகாப்பு எந்த விபத்திலிருந்து? ‘ரைட்பேக்’கில் இயங்கும் கெஸ்ட் ஃபிளஷை ஒழுங்காக அனுப்பினால், மின்சாரம் போனாலும் அதன் கோப்பு முறைமை சிதையாது. ‘அன்சேஃப்’பில் அந்த உறுதி கிடையாது. கெஸ்டை முதன்முதலாக நிறுவும்போதும், பாழானாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய வட்டுக்கும் மட்டுமே அது பொருந்தும். இதை எழுதும் இடத்திலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வட்டுக் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் ‘கியூஎமு-இமெஜ் கன்வெர்ட்’ கட்டளை, தான் உருவாக்கும் கோப்புக்கு இயல்பாகப் பயன்படுத்துவது ‘அன்சேஃப்’பைத்தான். மாற்றம் முடிந்த கையோடு மூலக்கோப்பை அழித்துவிடும் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இந்த வரி மிக முக்கியம்.

அடுத்த சிக்கல், வட்டைச் சேர்க்கும் பழைய ‘-டிரைவ்’ வரிக்கும் 2.9 வெளியீட்டில் வந்த ‘-பிளாக்டெவ்’ வரிக்கும் இடையே. பழையதில் ‘கேச்=’ என்று ஒரே சொல்லில் மூன்று சாவிகளும் அடங்கிவிடும். புதியதில் அந்தச் சொல்லே இல்லை. ‘கேச்.டைரக்ட்’, ‘கேச்.நோ-ஃபிளஷ்’ ஆகிய இரண்டும் பிளாக்டெவ்வில் இருக்கின்றன. முதல் சாவியோ சாதனத்தின் பண்பாக, ‘ரைட்-கேச்’ என்ற பெயரில் ‘-டிவைஸ்’ பக்கம் போய்விட்டது. காரணம் நியாயமானதே: எழுத்துக் கேச் இருப்பதாகக் கெஸ்டுக்குக் காட்டுவது சாதனத்தின் வேலை, கோப்பைத் திறப்பவரின் வேலை இல்லை. பழைய எடுத்துக்காட்டில் ‘-டிரைவ்’ என்பதை ‘-பிளாக்டெவ்’ என்று மாற்றிவிட்டு ‘கேச்=நன்’னை அப்படியே விட்டால் கியூஎமு தொடங்கவே தொடங்காது. அது நல்லதுதான், கண்ணுக்குத் தெரியும் பிழை. பிழை வருகிறதே என்று அந்தச் சொல்லையே நீக்கிவிட்டால் அதைவிடக் கெடுதல். எல்லாம் ஓடும், ஆனால் பேஜ் கேச் வழியாக ஓடும். லினக்ஸின் சொந்த ஒத்திசையா வாசிப்பு-எழுத்து முறையைக் கேட்கும் ‘ஏஐஓ=நேட்டிவ்’ சேர்த்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம்; ஓ_டைரக்ட் இல்லாமல் அதைக் கியூஎமு ஏற்காது.

இனி, இந்த உண்மைகள் ஆவணங்களில் எங்கே குடியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஆவணங்கள் முன்பு டெக்ஸ்இன்ஃபோ வடிவில் இருந்தன. 2020 ஏப்ரலில் வந்த 5.0 வெளியீட்டையொட்டி அவற்றின் பெரும்பகுதி ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கி படிக்கும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் வடிவுக்கு மாறியது. வடிவம் மாறியது; ஒரே செய்தி பல இடங்களில் சிதறிக் கிடப்பது மாறவில்லை. கேச் வகைகளைப் பற்றி மட்டும் பாருங்கள். கட்டளை வரி ஆப்ஷன்களுக்கான ‘.எச்எக்ஸ்’ கோப்பில் ஒரு விளக்கம் இருக்கிறது. ‘கியூஎமு-இமெஜ்’ கையேட்டில் ஒன்று. மேலாண்மைக் கருவிகள் பேசும் கியூஎம்பி நெறிமுறைக்கான ‘பிளாக்-கோர்’ ஜேசன் கோப்பின் குறிப்புரைகளில் இன்னொன்று. நிரலில் ஒரு இயல்புநிலை மாறினால் இத்தனையும் மாற வேண்டும். பெரும்பாலும் ஒன்று மாறும், மற்றவை நிற்கும்.

இதில் ஜேசன் கோப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் குறிப்புரையில் ‘அட்’ (@) குறியோடு விளக்கும் ஒவ்வொரு அளபுருவின் பெயரும் உண்மையிலேயே அந்தக் கட்டளையில் இருக்கிறதா என்று பில்ட் நேரத்தில் (நிரலைத் தொகுக்கும்போது) சரிபார்க்கப்படும். இல்லாத பெயரை விளக்கினால் பில்ட் நின்றுவிடும். எந்த வெளியீட்டிலிருந்து வசதி கிடைக்கிறது என்பதும் அங்கே குறிக்கப்படும். ஆகவே ஓர் அளபுருவின் பெயர், வகை, இயல்பு மதிப்பு ஆகியவற்றுக்குச் சொந்த வீடு அதுதான். எப்போது எதைப் பயன்படுத்துவது என்ற விளக்கத்துக்குச் சொந்த வீடு கையேடு. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வீட்டை முடிவுசெய்து, மற்ற இடங்களில் ஒற்றை வரியும் இணைப்பும் மட்டும் வைப்பதே சீர்ப்படுத்தலில் முதல் வேலை. மொழிநடையைத் தொடுவது அதற்குப் பிறகு.

எண்கள்தாம் எல்லாவற்றிலும் சீக்கிரம் பழசாகின்றன. கியூஎமுவின் வட்டுக் கோப்பு வடிவான கியூகௌ2-இன் எல்2 கேச் நல்ல எடுத்துக்காட்டு. கெஸ்ட் பார்க்கும் வட்டின் எந்தப் பகுதி கோப்பில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் அட்டவணைதான் எல்2. ஒரு கிளஸ்டருக்கு (வட்டைப் பிரிக்கும் சம அளவுத் துண்டு) ஒரு பதிவு, ஒரு பதிவுக்கு 8 பைட். கிளஸ்டர் அளவு இயல்பாக 64 கேபி. 512 பைட்டிலிருந்து 2 எம்பி வரை வைத்துக்கொள்ளலாம். 64 கேபி அட்டவணை ஒன்றில் 8192 பதிவுகள் அடங்கும். அது 512 எம்பி வட்டைக் காட்டும். ஆகவே தேவைப்படும் கேச், வட்டின் அளவை 8-ஆல் பெருக்கிக் கிளஸ்டர் அளவால் வகுத்தால் கிடைக்கும். ஒரு ஜிபி வட்டுக்கு 128 கேபி. 256 ஜிபிக்கு 32 எம்பி. 1 டிபிக்கு 128 எம்பி.

சூத்திரம் அன்றும் இன்றும் அதேதான். இயல்புநிலை மட்டும் மாறிவிட்டது. முன்பு எல்2 கேச் 1 எம்பி, அதாவது 8 ஜிபி வட்டுக்கு மட்டுமே போதுமானது. 3.1 வெளியீட்டிலிருந்து லினக்ஸில் மேல்வரம்பு 32 எம்பி. வட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் தேவைக்குமேல் நினைவகம் எடுக்காது. பயன்படாத பதிவுகளை 600 விநாடிக்கு ஒருமுறை விடுவிப்பதும் இயல்பாயிற்று. ஆனால் ‘100 ஜிபி வட்டு வைத்திருக்கிறீர்களா, எல்2 கேச்சைக் கையால் கூட்டுங்கள், இல்லையேல் வேகம் சரியும்’ என்ற அறிவுரை அந்த 1 எம்பி காலத்தில் பிறந்து இன்றும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு 100 ஜிபி வட்டுக்குத் தேவை 12.5 எம்பிதான், எதையும் தொட வேண்டாம். தொட வேண்டியவர் 1 டிபி வட்டில் தரவுத்தளம் ஓட்டுபவர். அவருக்கு 32 எம்பி போதாது. வட்டெங்கும் சிதறலாகப் படிக்கும்போது ஒவ்வொரு தவறலுக்கும் கூடுதலாக ஒரு வட்டு வாசிப்பு நடக்கும்.

இந்தப் பகுதியைத் திருத்துபவர் ‘இயல்புநிலை 32 எம்பி’ என்று மாற்றிவிட்டு நகரக் கூடாது. ‘லினக்ஸில், 3.1 முதல், 64 கேபி கிளஸ்டருக்கு 256 ஜிபி வரை போதுமானது’ என்று நிபந்தனைகளோடு எழுத வேண்டும், அதன் கீழே சூத்திரத்தையும் கொடுக்க வேண்டும். எண் நாளை மாறினாலும் சூத்திரம் வாசகரைக் காப்பாற்றும். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. 5.2-இல் வந்த ‘எக்ஸ்டெண்டட்_எல்2’ ஆப்ஷனைப் போட்டுக் கோப்பை உருவாக்கினால், ஒரு கிளஸ்டர் 32 துணைக் கிளஸ்டர்களாகப் பிரியும். பதிவு 16 பைட்டாக வளரும். சூத்திரத்தில் 8 இருந்த இடத்தில் 16 வரும், அதே கிளஸ்டர் அளவுக்கு இரண்டு மடங்கு கேச் தேவைப்படும். ஆனால் துணைக் கிளஸ்டரின் பயனே பெரிய கிளஸ்டரை அச்சமின்றி வைத்துக்கொள்ள முடிவதுதான். 128 கேபி கிளஸ்டர் வைத்தால் துணைக் கிளஸ்டர் 4 கேபி. அப்போது கேச் தேவை பழைய 64 கேபி கணக்குக்கே திரும்பிவிடும். பேக்கிங் கோப்பின் (மேலே உள்ள கோப்பில் இல்லாத தரவைத் தரும் அடிப்படைக் கோப்பு) மேல் முதன்முறை 4 கேபி எழுதும்போது முழுக் கிளஸ்டரையும் நகலெடுக்க வேண்டியிருக்காது. ‘துணைக் கிளஸ்டர் இருந்தால் கேச் இரட்டிப்பு’ என்று ஒரு வரியில் முடித்தால் அது பொய்யில்லை, ஆனால் அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டியவரை விரட்டிவிடும்.

அலகுகள் பற்றி ஒரு சொல். கியூஎமுவில் ‘கே’, ‘எம்’, ‘ஜி’ எல்லாம் 1024-இன் அடுக்குகள்தாம். வட்டு விற்பவர்களோ 1000-இன் அடுக்குகளில் எண்ணுகிறார்கள். ஆவணத்தின் தொடக்கத்திலேயே இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

பேக்கிங் கோப்பு பற்றிய எடுத்துக்காட்டுகளை மட்டும் தேடிப் பார்த்தாலே ஒரு நாள் வேலை கிடைக்கும். ‘கியூஎமு-இமெஜ் கிரியேட்’ கட்டளையில் ‘-பி’ கொடுத்து அடிப்படைக் கோப்பைச் சொல்லி, பெரிய எழுத்து ‘-எஃப்’ கொடுத்து அதன் வடிவத்தைச் சொல்லாமல் விடுவது ஒரு காலத்தில் செல்லுபடியானது. 5.1-இல் அது கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது, 6.1-இல் நீக்கப்பட்டது. இன்று அப்படிக் கொடுத்தால், பேக்கிங் வடிவம் சொல்லப்படவில்லை என்ற பிழையோடு கட்டளை நின்றுவிடும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை ஆவணம் சொன்னால்தான் வாசகர் மதிப்பார். வடிவத்தைச் சொல்லாவிட்டால் கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்துக் கியூஎமு ஊகிக்க வேண்டும். அடிப்படை, தலைப்பு ஏதுமற்ற ‘ரா’ வடிவில் இருந்தால் அதன் முதல் பைட்டுகளை எழுதுவது கெஸ்ட்தான். தீய எண்ணம் கொண்ட கெஸ்ட் அங்கே கியூகௌ2 தலைப்பை எழுதி, பேக்கிங் கோப்பாக ஹோஸ்டில் உள்ள வேறொரு கோப்பின் பெயரைப் போட்டுவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது அந்தக் கோப்பு கெஸ்டுக்குள் வட்டாகத் தெரியும். இரண்டு வாக்கியத்தில் சொல்லக்கூடிய காரணம் இது. இதைச் சொல்லாமல் ‘-எஃப் கட்டாயம்’ என்று மட்டும் எழுதும்போதுதான், பிழையைத் தவிர்க்க வாயில் வந்த வடிவத்தைப் போடுகிறார்கள். கியூகௌ2 கோப்பை ‘ரா’ என்று சொல்லிவிட்டால் கெஸ்ட் துவங்காது.

‘ஸ்னாப்ஷாட்’ என்ற சொல் இந்த ஆவணங்களில் உள்ள பெரிய கண்ணி. கியூகௌ2 கோப்புக்குள்ளேயே ஒரு கணத்தைப் பதிந்து வைப்பதும் ஸ்னாப்ஷாட். பழைய கோப்பை அப்படியே உறையவைத்துப் புதிய ஓவர்லே கோப்பில் எழுதத் தொடங்குவதும் ஸ்னாப்ஷாட். ‘-ஸ்னாப்ஷாட்’ என்று கொடுத்து, நிறுத்தியதும் மறைந்துபோகும் தற்காலிகக் கோப்பில் எழுதுவதும் அதே பெயரில்தான். முதல் வகையிலும் ‘சேவ்விஎம்’ நினைவகத்தின் நிலையையும் சேர்த்துப் பதியும்; ‘கியூஎமு-இமெஜ் ஸ்னாப்ஷாட்’ வட்டை மட்டும் பதியும்.

இரண்டாம் வகையில்தான் தரவு பறிபோகிறது. ‘ஸ்னாப்ஷாட் கோப்பு’ என்று ஆவணத்தில் எழுதினால் வாசகர் எதை நினைப்பார்? புதிதாக உருவான கோப்பை. ஆனால் உறைந்த கணம் இருப்பது பழைய கோப்பில். புதியதில் இருப்பவை அதற்குப் பிந்தைய எழுத்துகள். ‘ஸ்னாப்ஷாட் இனி வேண்டாம்’ என்று புதிய கோப்பை அழிப்பவர் அன்றைய வேலை முழுவதையும் அழிக்கிறார். ஆகவே ‘ஸ்னாப்ஷாட் கோப்பு’ என்ற தொடரையே எங்கும் எழுதக் கூடாது. ‘பேக்கிங் கோப்பு’, ‘ஓவர்லே’ என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை அவற்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று இலக்கிய நயம் பார்க்கும் இடம் இதுவன்று.

இந்தச் சங்கிலியைச் சுருக்கும் கட்டளைகளுக்குத் திசைதான் உயிர். அ ← ஆ ← இ ← ஈ என்று நான்கு கோப்புகள் (ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் இருப்பது அதன் பேக்கிங் கோப்பு), ஈயில் கெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பிளாக்-கமிட்’ மேலிருந்து கீழே தள்ளும்: ஆ, இ இரண்டின் தரவையும் அவுக்குள் இறக்கினால் மிஞ்சுவது அ ← ஈ. ‘பிளாக்-ஸ்ட்ரீம்’ கீழிருந்து மேலே இழுக்கும்: எல்லாவற்றையும் ஈக்குள் இழுத்துவிட்டால் ஈ தனித்து நிற்கும். இறுதியில் கெஸ்ட் பார்ப்பது இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது நடுவில் இருந்த கோப்புகளின் கதி. ஸ்ட்ரீமில் அ, ஆ, இ மூன்றும் மாறாமல் செல்லுபடியாக இருக்கும். கமிட்டில் ‘அ’வே மாறிவிடுகிறது. ஆவில் இல்லாத கிளஸ்டர்களை அவிலிருந்துதான் ஆ படிக்கிறது. அவிலோ இப்போது இயின் தரவு இறங்கியிருக்கிறது. ஆகவே ஆ தன் பழைய கணத்தைக் காட்டாது. கோப்பு வட்டில் இருக்கும், திறக்கும், பிழையும் வராது. உள்ளே இருப்பது மட்டும் தவறு. அதே ‘அ’வை வேறு மெய்நிகர் இயந்திரங்களும் அடிப்படையாக வைத்திருந்தால் அவையும் சேர்ந்தே பாழாகும். இந்த எச்சரிக்கை கட்டளைக்கு முன்னால் வர வேண்டும். எடுத்துக்காட்டை நகலெடுத்து ஓட்டியபிறகு கண்ணில் படும் ‘குறிப்பு’ப் பெட்டியால் பயனில்லை.

மேல்நிலைக் கோப்பான ஈயையே கமிட் செய்தால் இன்னொரு படி உண்டு. வேலை தானாக முடியாது. ‘பிளாக்_ஜாப்_ரெடி’ நிகழ்வு வந்த பிறகு ‘பிளாக்-ஜாப்-கம்ப்ளீட்’ அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் ‘பிளாக்_ஜாப்_கம்ப்ளீட்டட்’ வந்தால்தான் கெஸ்ட் புதிய இடத்துக்கு மாறியது என்று பொருள். ரெடி வந்ததையே முடிவு என்று எண்ணி ஈயை அழிப்பது எளிதில் நேரும் தவறு, ஏனென்றால் பல எடுத்துக்காட்டுகள் கட்டளையை மட்டும் காட்டி நிகழ்வுகளைக் காட்டாமல் நின்றுவிடுகின்றன. அனுப்பும் வரி, வரும் பதில், வரும் நிகழ்வு மூன்றையும் வரிசையாகக் காட்டாத கியூஎம்பி எடுத்துக்காட்டு அரைகுறையே.

சில செய்திகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சரியான எண் போதும். ‘கியூஎமு-இமெஜ் செக்’ திருப்பும் மதிப்பு 0 என்றால் நலம், 1 என்றால் சோதனையே முடியவில்லை, 2 என்றால் கோப்பு சிதைந்திருக்கிறது, 3 என்றால் சிதைவில்லை ஆனால் கசிந்த கிளஸ்டர்கள் இருக்கின்றன, 63 என்றால் அந்த வடிவுக்குச் சோதனை கிடையாது. 3 என்பது இடவிரயம் மட்டுமே, தரவு பத்திரமாக இருக்கிறது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அச்சத்தில், எல்லாவற்றையும் பழுதுபார்க்கச் சொல்லும் ‘-ஆர் ஆல்’ ஓட்டிவிடுவார்கள். அதுபோலவே ‘ரீசைஸ்’: வட்டைப் பெரிதாக்கும்போது முதலில் கோப்பு, பிறகு பார்ட்டிஷன், கடைசியில் கோப்பு முறைமை. சிறிதாக்கும்போது நேர் எதிர் வரிசை, ‘--ஷ்ரிங்க்’ ஆப்ஷனும் கட்டாயம்.

கோப்புப் பூட்டு 2.10-இல் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் வட்டை ‘கியூஎமு-இமெஜ் இன்ஃபோ’வால் பார்க்கப் போனால் பூட்டு கிடைக்கவில்லை என்ற பிழை வரும். பூட்டைப் பொருட்படுத்தாமல் திறக்கும் ‘-யூ’ சேர்த்தால் வேலை செய்யும் என்று நிறுத்திவிடும் ஆவணம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அப்போது கிடைக்கும் தகவல் நடுவழியில் எடுத்ததாக, முன்னுக்குப்பின் முரணாக இருக்கலாம். மாற்றம் செய்யும் எந்தக் கட்டளையையும் இயங்கும் வட்டில் ஓட்டவே கூடாது.

இந்தத் திருத்தங்களையெல்லாம் திட்டத்துக்கு அனுப்பும் பேட்சுகளாகப் பிரிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு பகுதியை வேறு கோப்புக்கு நகர்த்துவது ஒரு கமிட்; அதன் உள்ளடக்கத்தைத் திருத்துவது இன்னொரு கமிட். இரண்டையும் கலந்தால் முந்நூறு வரி நீங்கி முந்நூறு வரி சேர்ந்ததாகத் தெரியும். நடுவே மாறிய ஒரு எண்ணை மறுஆய்வு செய்பவர் பார்க்கவே மாட்டார். பிரித்துவிட்டால் ‘கிட் டிஃப்’பின் ‘கலர்-மூவ்ட்’ ஆப்ஷன், நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டி அவர் வேலையைப் பாதியாக்கும். ஓர் இயல்புநிலை எந்த வெளியீட்டில் மாறியது என்று தெரியாதபோது ‘கிட் லாக் -எஸ்’ கொடுத்து அந்த மாறியின் பெயரைத் தேடினால் மாற்றிய கமிட்டும் காரணமும் கிடைக்கும். அதையே உங்கள் கமிட் குறிப்பில் எழுதுங்கள். கடைசியில் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி இல்லாவிட்டால் ஏற்கமாட்டார்கள்.

ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டிலும் சில பள்ளங்கள் உண்டு. கியூஎமுவின் அமைப்பில் ஒற்றைப் பேக்டிக் (`) குறிகளுக்குள் எழுதும் சொல், வேறு பகுதிக்கான இணைப்பாகக் கொள்ளப்படும். அப்படி ஒரு பகுதி இல்லையென்றால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்ளும் ‘வெரர்’ இயக்கத்தில் இருந்தால் அந்த எச்சரிக்கையே பில்டை நிறுத்தும். கட்டளைச் சொற்களுக்கு இரட்டைப் பேக்டிக்தான் (``) போட வேண்டும். இது அழகுக்காக மட்டும் அல்ல. ஸ்ஃபிங்க்ஸின் இயல்பான அமைப்பில், சாதாரண உரையில் வரும் இரட்டைச் சிறுகோடு ஒற்றை நீள்கோடாக மாறிவிடும். பக்கத்திலிருந்து ‘--ஷ்ரிங்க்’கை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுபவருக்குக் காரணம் புரியாத பிழை வரும். எச்டிஎம்எல் பக்கத்தை உருவாக்கியபின் அதிலிருந்தே ஒவ்வொரு கட்டளையையும் நகலெடுத்து, 64 எம்பி அளவில் ஒரு சோதனை வட்டை உருவாக்கி, மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். மூலக்கோப்பிலிருந்து நகலெடுத்தால் இந்தப் பிழை அகப்படாது.